இரண்டாவது சாவி

நான் ஏணியில் கால் வைத்ததும் பேச்சு நின்றுவிடும். படகின் மேல்தளத்தில் அதுவரை சிரிப்பும் கிண்டலுமாக இருந்தவர்கள் என் தலை தெரிந்ததும் ஸ்பானரைத் தேட ஆரம்பிப்பார்கள். வந்த புதிதில் அதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். அது மரியாதை இல்லை, நான் இல்லாத இடத்தில் அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

போர்ட் பிளேரில் என் வேலை எண்ணெயும் காற்றும். வாகனப் படகின் முன்வாயில் இறங்கி ஏறும் ரேம்ப், ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், நிற்கும் கிரேன், கப்பலின் சுக்கான், இவையெல்லாம் அழுத்தம் ஏற்றிய எண்ணெயில் ஓடுகின்றன. எஞ்சினைக் கிளப்புவதும் படகு ஊதுகிற ஹாரனும் அழுத்தம் ஏற்றிய காற்று. எண்ணெய் ஒழுகினாலும் காற்று இறங்கினாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். இரண்டும் ஒழுங்காக இருக்கும் நாட்களில் இப்படி ஒரு கூட்டம் இருப்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கூட்டம் என்றால் என்னோடு சேர்த்து நாலு பேர். ஃபிட்டர் கச்சால் தீவுக்காரர். அவருடைய பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். என்னை ‘ஐயா’ என்பார். வெல்டர் திக்லிபூர் வங்காளி, வாய் ஓயாது. எலெக்ட்ரீஷியன் புரோத்ராபூரில் வீடும் பாக்குமரமும் வைத்திருக்கும் தெலுங்கர், கொஞ்சம் ரோஷக்காரர். நாலு பேருக்கும் பொதுவான மொழி இந்தத் தீவின் ஹிந்தி. என் ஹிந்தியைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். நான் முறைத்ததும் அதையும் நிறுத்திக்கொண்டார்கள்.

குடும்பம் திருநெல்வேலியில். மனைவி பள்ளிக்கூட டீச்சர், மகள் கல்லூரியில். ஒரு தடவை வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு லம்பா லைனில் ஒரு வாடகை வீடு. விமானம் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தம் கேட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி. தினமும் சாயங்காலம் மனைவியிடம் போனில் பேசுவேன். சாப்பிட்டாச்சா என்பாள். ஆச்சு என்பேன். அங்கே மழையா என்பாள். ஆமாம் என்பேன். அந்தமானில் மழையா என்று கேட்பதும் ஒரு கேள்வியா என்று எரிச்சல் வரும். ஆனால் வேறு என்ன கேட்டிருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது.

என் டீமுக்கு என் மேல் இருந்த கசப்புக்கு முக்கியக் காரணம் பூட்டு. மெயின்லேண்டில் நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒருவர் சிலிண்டருக்கு அடியில் கையை விட்டிருந்தபோது இன்னொருவர் தெரியாமல் பம்பைப் போட்டுவிட்டார். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் இங்கே வந்ததும் ஆளுக்கொரு பூட்டு வாங்கிக் கொடுத்தேன். ஃபிட்டருக்குப் பச்சை, வெல்டருக்குச் சிவப்பு, எலெக்ட்ரீஷியனுக்கு மஞ்சள், எனக்கு நீலம். ரேம்புக்கு அடியில் இறங்குகிறவர் முதலில் பம்பின் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். வெளியே வந்து அவரே திறக்க வேண்டும். புதுப் பூட்டோடு இரண்டு சாவி வரும். இரண்டாவது சாவியை எல்லோர் கண்ணெதிரிலும் சம்மட்டியால் தட்டித் தகடாக்கிவிடுவேன். பம்பைப் போடுவதற்கு முன் சத்தமாக “பாஹர்?” என்று கேட்க வேண்டும். வெளியேதானே என்று அர்த்தம். ஒவ்வொருவரும் “பாஹர்” என்று பதில் சொல்ல வேண்டும். பூட்டுக்காரரைக் காணோம் என்றால், அவர் வெளியே இருப்பதைக் கண்ணால் பார்க்கும் வரை பூட்டை வெட்டக் கூடாது. இன்னொருத்தர் சொன்னார் என்பதெல்லாம் செல்லாது.

ஒருநாள் எலெக்ட்ரீஷியன் ஏர் கம்ப்ரஸரில் மஞ்சள் பூட்டை மாட்டிவிட்டு, சாவியோடு புரோத்ராபூருக்குப் பஸ் ஏறிவிட்டார். போனில் கூப்பிட்டேன்.

“சார், நான் வீட்ல இருக்கேன். வேணும்னா வீடியோ கால்ல வரேன், என் மூஞ்சியப் பாத்துக்குங்க. பூட்ட வெட்டிடுங்க,” என்றார்.

“வா,” என்றேன்.

கொட்டுகிற மழையில் திரும்பி வந்தார். நனைந்த கையோடு பூட்டைத் திறந்தார், என் முகத்தைப் பார்க்காமல் போனார். அதற்குப் பிறகு டீக்கு என்னைக் கூப்பிடுவதும் நின்றது. நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கயிறு சுற்றும் வின்ச்சுக்குப் பின்னால் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவேன். காற்று என் பக்கம் அடித்தால் வெல்டர் கொண்டுவரும் மீன் குழம்பின் வாசனை வரும். அதை யாரும் எனக்குத் தர வேண்டாம், வேணுமா என்று கேட்டிருந்தால் போதும்.

இப்படி இருக்கும்போதுதான் மச்சினன் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை இருப்பதாகச் சொன்னான். வீட்டிலிருந்தே போய்வரலாம். சம்பளமும் மோசமில்லை. மனைவியிடம் கேட்டேன். “உங்க இஷ்டம்,” என்றாள். வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். வராதீர்கள் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். உங்க இஷ்டம் என்ற பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யலாம் என்று லீவு போட்டேன். லீவு முடிவதற்குள் அந்தத் தொழிற்சாலைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கிளம்புகிற அன்று காலையில் படகின் ரேம்பில் மறுபடியும் எண்ணெய்க் கசிவு. முந்தின நாள்தான் மூன்று பேரும் சேர்ந்து சரி செய்த இடம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு வார்த்தை கத்தினேன். நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் ஸ்டோரில் புது ஹோஸ் குழாய் வாங்கி வாருங்கள் என்று மூன்று பேரையும் விரட்டினேன். ஹோஸ் தூக்க மூன்று பேர் எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. என்னை விட்டுப் போனால் போதும் என்று போனார்கள்.

ரேம்பைத் தூக்கி முட்டுக் கொடுத்து, சுவிட்சில் என் நீலப் பூட்டை மாட்டிவிட்டு அடியில் இறங்கினேன். அங்கே தண்ணீருக்கு மேல் குறுக்காக ஒரு பலகை, அதில்தான் நிற்க வேண்டும். இணைப்பில் ரப்பர் வளையம் ஒன்று மடங்கி உட்கார்ந்திருந்தது. அதை மாற்றி இறுக்கிவிட்டு மேலே ஏறி நேரம் பார்த்தால் விமானத்துக்கு நேரமாகிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு கொக்கியில் மாட்டினேன், வழியில் வந்த ஆட்டோவைப் பிடித்தேன், வீட்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினேன். சோதனையில் என் சட்டைப் பை பீப் என்றது. காவலர் தொட்டுப் பார்த்து, என்ன சாவி என்று கேட்டார். வீட்டுச் சாவி என்றேன். அவசரத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டு, விமானம் மேலே ஏறிய பிறகுதான் பையில் கைவிட்டேன். சின்னதாக, தலையில் நீலப் பெயிண்டோடு இருந்தது.

சென்னை வரைக்கும் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கீழே நீலமாகக் கடல், கையில் நீலமாகச் சாவி. பூட்டைத் திறக்காமல் ரேம்பை இறக்க முடியாது, ஜெட்டியில் வண்டிகள் வரிசையாக நின்றிருக்கும். ஹோஸ் வாங்கப் போனவர்கள் திரும்பி வந்து பூட்டைப் பார்த்திருப்பார்கள். விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். எலெக்ட்ரீஷியன் கட்டரைத் தேடக்கூட மாட்டார், கையில் கிடைத்ததை வைத்து ஒரே போடாகப் போட்டிருப்பார். இருக்கிற கோபத்துக்கு அவர்கள் அப்படிச் செய்தால் அது நியாயம்தான் என்று எனக்கே பட்டது. இனிமேல் பூட்டைப் பற்றி நான் வாயைத் திறக்க முடியாது. அதனால் என்ன, நான்தான் அந்த வேலையை விட்டுப் போகப் போகிறேனே என்று சமாதானம் செய்துகொண்டேன். சமாதானம் ஆகவில்லை.

சென்னையில் இறங்கி போனைப் போட்டதும் அது நடுங்கிக்கொண்டே இருந்தது. ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும் மாறி மாறிக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டிலிருந்து ஒன்றும் இல்லை. நான் வந்து சேர்ந்துவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும், எதற்குக் கூப்பிட வேண்டும்?

ஃபிட்டரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“ஐயா? நீங்களா பேசுறது?”

“நான்தான். சென்னைல இருக்கேன். சாவி எங்கிட்ட மாட்டிக்கிச்சு. பூட்ட வெட்டிட்டீங்கல்ல?”

ஃபிட்டருக்குப் பின்னால் யாரோ கத்துவதும் வண்டிகள் ஹாரன் அடிப்பதும் கேட்டது.

“வெட்டலைங்க ஐயா. ஒங்களக் காணோம்ல.”

“நான் லீவுல போறேன்னு தெரியும்ல?”

“தெரியும்ங்க. ஆனா பூட்டு தொங்குது, ஒங்க தொப்பியும் தொங்குது, நீங்க எறங்கினத நாங்க பாக்கல, ஏறினதையும் பாக்கல.” பிறகு தயங்கிச் சொன்னார்: “ஐயா, கொரலு பத்தாதுங்க. கண்ணால பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க.”

அதற்குள் போன் கைமாறியது. எலெக்ட்ரீஷியன் குரல். “சார், வீடியோ கால் போடுங்க. நாங்க ஒத்துக்குவோம்.”

அந்த ‘நாங்க’வில் இருந்த ஊசி எனக்கு நன்றாகவே குத்தியது. பெட்டிகள் சுற்றிவரும் இடத்தில், ஜனக்கூட்டத்துக்கு நடுவே போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் மூன்று முகங்கள் முட்டிக்கொண்டு வந்தன. இத்தனை நாளில் அவர்கள் மூன்று பேரும் ஒன்றாக என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெல்டரின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோளில் நனைந்த துண்டு.

“ஜிந்தா ஹோ நா, சாப்?” என்றார். உயிரோடு இருக்கிறீர்கள்தானே என்று கேட்டார். அப்புறம் பிடித்துக்கொண்டார் பாருங்கள், ஹிந்தியிலும் வங்காளத்திலும் மாற்றி மாற்றி ஒரே திட்டு. சொல்லிவிட்டுப் போகத் தெரியாதா, வாய் இல்லையா, எங்களை மட்டும் மாட்டை விரட்டுகிற மாதிரி விரட்டுகிறாய், நீ மட்டும் எப்படிப் போகலாம். ‘நீ’ என்றேதான் சொன்னார்.

அவர் ஓய்ந்ததும் நடந்ததை ஃபிட்டர் சொன்னார். எலெக்ட்ரீஷியன் பைக்கில் லம்பா லைனுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். வீடு பூட்டியிருந்தது, பூட்டியிருப்பதை வைத்து என்ன சொல்வது? அங்கிருந்து விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார், யார் ஏறினார்கள் என்று வெளியாட்களுக்குச் சொல்ல மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். ஜெட்டியில் பொறுப்பாளர் கத்தியிருக்கிறார். காய்கறி லாரிக்காரர் சண்டைக்கு வந்திருக்கிறார். உங்கள் சாப் இந்நேரம் ஆகாயத்தில் காபி குடித்துக்கொண்டிருப்பார், வெட்டுங்கள் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் சுவிட்சுக்கு முன்னால் நின்று யாரையும் கிட்டே விடவில்லை. வெல்டர் பலகைக்குக் கீழே தண்ணீரில் குதித்துவிட்டார். முதலை ஜாக்கிரதை என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிற கடல் அது. மூழ்கி மூழ்கித் தேடியிருக்கிறார்.

“வெட்டுங்க,” என்றேன்.

“பாஹர்?” என்று கேட்டார் எலெக்ட்ரீஷியன். முகத்தில் சிரிப்பு இல்லை.

“பாஹர்,” என்றேன். பக்கத்தில் பெட்டிக்காகக் காத்திருந்த ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இரும்பு அறுபடும் சத்தம் கேட்டது, போன் அணைந்தது. நான் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யாரோ என்னைத் தேடியிருக்கிறார்கள். அதை எப்படித் தாங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திருநெல்வேலி வீட்டில் எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் மோட்டார் புதிது, நான் வாங்கிப் போட்டது அல்ல. கதவுக்கு வேறு கலர் அடித்திருந்தார்கள். மகள் வண்டியில் அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகிறாள். சோப்பு எங்கே என்று கேட்டேன், துண்டு எங்கே என்று கேட்டேன். மகள் எடுத்துக் கொடுத்துவிட்டு, “வேற எதாச்சும் வேணுமாப்பா?” என்று கேட்டாள். வந்த விருந்தாளியிடம் கேட்கிற அதே அக்கறையோடு கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல் பூட்டுக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்து வெல்டர் திட்டியதைக் கொஞ்சம் நடித்தும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு சேலையை நீவி நீவி மடித்தாள்.

“நாங்களும் முதல்ல அப்படித்தாங்க இருந்தோம்,” என்றாள். “மோட்டார் ரிப்பேரா, அப்பா வரட்டும். பிள்ளைக்கு எந்த காலேஜு, அப்பாட்ட கேட்டுக்கிடுவோம். கூப்பிட்டா உங்க போன் கிடைக்காது. கிடைச்சா, வேலையா இருக்கேன்னு கத்துவீங்க. எத்தனை நாளைக்குத்தான் காத்துக்கிட்டே நிக்க? ஒருநாள் நாங்க பூட்டை வெட்டிட்டோம்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

“இப்போ நான் அந்த வேலைக்கு வரட்டுமா வேண்டாமா?” என்றேன்.

“வரணும்னு தோணுச்சுன்னா வாங்க. எங்களுக்காக வந்தேன்னு மட்டும் பிறகு சொல்லிக் காட்டாதீங்க.”

மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு அலமாரியைத் திறந்தாள். அதில் என் சட்டைக்கு இடம் இருக்கிறதா என்று இங்கிருந்தே எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போன் செய்து இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். மச்சினனுக்குக் கோபம். அவனிடம் ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மையான காரணம் பயம். என் வீட்டில் நான் துண்டு எங்கே என்று கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டியிருக்குமோ என்ற பயம். தீவில் தனியாக இருப்பதற்குக் கடல் ஒரு சாக்கு. வீட்டில் எந்தச் சாக்கும் இல்லை.

திரும்பி வந்த அன்று ஏணியில் ஏறினேன். பேச்சு நின்றது. பூட்டுகள் தொங்கும் ஆணிப்பலகையில் பச்சை, சிவப்பு, மஞ்சள். நாலாவது ஆணியில் ஒரு புதுப் பூட்டு, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் தொங்கியது. நீலப் பெயிண்ட் டப்பா கீழே இருந்தது.

“நாங்க தொடலைங்க ஐயா,” என்றார் ஃபிட்டர். “சாவி யாரு கையிலயும் படக் கூடாதுல்ல.”

உறையைப் பிரித்தேன். ஒரு வளையத்தில் இரண்டு சாவி, புதிதாக, மினுமினுவென்று. இரண்டாவது சாவியைத் தனியாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதை ஒரு கவரில் போட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அவளுக்கு இதை வைத்து என்ன செய்யத் தெரியும்? மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கட்டையில் வைத்து, தகடாகும் வரை தட்டினேன்.

அதன் பிறகு பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் வின்ச்சுக்குப் பின்னால்தான் சாப்பிடுகிறேன். ஆனால் பம்பைப் போடுவதற்கு முன் எலெக்ட்ரீஷியன் என் பதிலைக் கேட்டால் மட்டும் போதாதென்று தலையை நீட்டி என்னைப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சில் கை வைக்கிறார்.

தீவுக்குத் திரும்பி வந்த அன்று சாயங்காலம் ரேம்புக்கு அடியிலிருந்து ஏறி, பூட்டைத் திறந்து, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவி எடுத்தாள். சாப்பிட்டாச்சா என்று அவள் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“வேலை முடிஞ்சுது. வெளிய வந்துட்டேன்.”

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“சரி,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நாளைக்கும் சொல்லுங்க,” என்றாள்.